மேல் போல்ட்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, இன்ஜின் மட்டும் சுற்றவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது. இந்த டீசல் காரைப் பதினொரு வருஷமாக ஓட்டுகிறேன். ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் நான்தான். இருந்தாலும் மோட்டார் வேலையாயிற்றே, முறையாகச் செய்யட்டும் என்று இவரும் எதிர் வீட்டுக்காரரும் தள்ள, வண்டியைக் கிளப்பி ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனேன்.

மேஸ்திரி பானெட்டைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்தார்.

"சார் வரலீங்களா?"

"எந்த சார்?"

"வீட்டுக்காரருங்க. அவரு வந்தா விவரமாச் சொல்லலாம்."

"வண்டி என்னோடது. விவரத்தை என்கிட்டச் சொல்லுங்க."

அவர் பக்கத்தில் நின்ற ஆளிடம் சொல்வது போலச் சொன்னார். ஸ்டார்ட்டரை மூன்று போல்ட் பிடித்திருக்கிறதாம். அதில் மேல் போல்ட் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறதாம். "அதுக்குக் கை போகாதுங்க. இன்ஜினை எறக்கித்தான் எடுக்கோணும். பன்னெண்டு நாளாகும். சாரை ஒரு ஃபோன் பண்ணச் சொல்லுங்க."

அந்த 'சார்' யார் என்று மேஸ்திரிக்குத் தெரியுமா? என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். கார் ஓட்டத் தெரியாது. சீலிங் ஃபேன் நின்றுபோனால் அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். அதோடு சரி.

நான் இருபத்தாறு வருஷமாகக் கால்நடை மருத்துவர். மாட்டுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், விரல் நுனியை மட்டும் வைத்து, சினை எத்தனை மாதம், கன்று நேராகக் கிடக்கிறதா புரண்டு கிடக்கிறதா என்று சொல்கிறவள். என்னிடம் வந்து கை போகாது என்கிறார்!

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். நானே கழற்றுகிறேன்.

ஜூன் 4, புதன்

மறுபடியும் தள்ளு. எதிர் வீட்டுக்காரர் இன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இவர் ஒருவரே தள்ளினார், பத்தடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. டிஸ்பென்சரிக்கு முன்னால் ரோடு நல்ல இறக்கம். அங்கே நிறுத்தினால் நானே உருட்டிக் கிளப்பிக்கொள்ளலாம்.

போய் இறங்கியதும் இறங்காததுமாக ராமாத்தாள் வந்து நின்றாள். நத்தக்காட்டுவலசில் தனியாக இருக்கிற அம்மாள், புருஷன் இல்லை. போன வருஷம் தன் மயிலை மாட்டுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டாள். மூன்றாவது ஊசி போட்டு மூன்று மாதம் கழித்து, நவம்பரில், நான் கை விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னேன். மாட்டை விற்றுவிட்டாள். இப்போது அது வாங்கினவன் வீட்டில் கன்று போட்டிருக்கிறதாம். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமாம்.

"வித்ததுக்கு அப்புறம் அவங்க ஊசி போட்டிருப்பாங்க" என்றேன்.

"நவம்பர் கடைசியில வித்தனுங்க. மே மாசம் கன்னு போட்டிருச்சு. ஆறு மாசத்துல மாடு கன்னு போடுமுங்களா டாக்டரம்மா?"

அத்தனை பேர் ஆடும் மாடுமாக வரிசையில் நிற்கும்போது என்னிடமே கணக்குச் சொல்கிறாள்! "வேற மாட்டைப் பார்த்துட்டு வந்து யாரோ சொல்லியிருப்பாங்க. என் கைக்கு ஒன்னும் தட்டுப்படலை. எனக்குத் தெரியும்" என்றேன். அவள் கம்பி வேலி ஓரமாகவே நின்றிருந்தாள், மத்தியானம் வரைக்கும். அதற்கு என்ன அர்த்தம்? என்னை நாலு பேர் பார்க்க வேண்டும் என்றுதானே?

மருந்து ஏற்றிய சிரிஞ்சு இரண்டு கீழே விழுந்தன. இப்போது வருவதெல்லாம் ஒரே வழுக்கல்.

இன்னொன்று. இவர் இப்போதெல்லாம் அரை டம்ளர் டீதான் ஊற்றித் தருகிறார். ரிட்டயர் ஆனதிலிருந்து சிக்கனம் தலைக்கு ஏறிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து புது ஸ்டார்ட்டரைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் அதைத் தூக்கிப் பார்த்து "அடேயப்பா, என்ன கனம்!" என்றார். வேறு உதவி ஒன்றும் இல்லை.

ஜூன் 7, சனி

ஆனிக் காற்று இப்போதே ஆரம்பித்துவிட்டது. மண்ணை வாரிக் கண்ணில் போடுகிறது. வண்டியை வீட்டுக்குக் கிழக்கே நிழலில் நிறுத்தி, பேட்டரி ஒயரைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்துவிட்டுக் கீழே படுத்தேன். கீழே இருந்த இரண்டு போல்ட்டும் கால் மணி நேரத்தில் கையோடு வந்துவிட்டன. இதற்கா பன்னிரண்டு நாள் என்று சத்தமாகவே சொன்னேன்.

அப்புறம் மேல் போல்ட்.

அதை அங்கே வைத்தவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கிற தகரச் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து. அந்தச் சந்துக்குள் ஒரு ரப்பர் குழாய், ஒரு ஒயர் கட்டு, ஓர் இரும்புத் தாங்கி. எல்லாவற்றுக்கும் அடியில், எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு பதினாலு நம்பர் போல்ட். குளுகுளு அறையில் உட்கார்ந்து படம் போட்ட அந்த மகராசன் தன் வாழ்நாளில் ஒரு போல்ட்டையாவது கழற்றியிருப்பானா? தொழிற்சாலையில் இன்ஜின் வெளியே இருக்கும்போது மாட்டிவிடுகிறார்கள். பிறகு அது எவன் தலையெழுத்தோ!

ஃபோனை உள்ளே விட்டுப் படம் எடுத்தேன். கறுப்பாக ஏதோ ஒன்றும் என் கட்டை விரலும் விழுந்திருந்தன.

மேலிருந்து முழங்கை வரைக்கும் கையை விட்டேன். விரல் பட்டது. பட்ட மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் குழாயும் போல்ட்டும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யார்தான் என்ன செய்வது? ரிங் ஸ்பேனரைக் கொண்டுபோய் வைப்பதற்குள் நாலு தடவை நழுவி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கீழே படுத்து, காந்தக் கம்பியை விட்டுத் துழாவி, எடுத்து, எழுந்து, மறுபடி. நாலாவது தடவை ஸ்பேனரைச் சுவர் ஓரம் வீசிவிட்டேன். இவர் போய் எடுத்துத் துடைத்து டப்பாவில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைதான் எனக்கு ஆகாது.

துரு இளகுகிற ஸ்ப்ரேயை அடித்து ஊறவிட்டிருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

இன்று வேறு வழி. கீழேயிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பி, அதன் நுனியில் வளைந்து கொடுக்கிற ஜாயின்ட், அதற்கு மேல் சாக்கெட். மேலிருந்து ஒரு கையால் சாக்கெட்டைப் போல்ட் தலையில் உட்காரவைத்துவிட்டு, கீழே போய் ராட்செட்டைத் திருக வேண்டும். இவரை டார்ச் பிடிக்கச் சொன்னேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், கிரீஸ் வேலைக்கு!

சாக்கெட்டை வைத்தேன்.

"சரியா உக்காந்திருச்சா வசந்தா?"

"உக்காந்திருச்சு."

"இல்ல, கம்பி கொஞ்சம் சாய்ஞ்சாப்பல தெரியுது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க டார்ச்சை ஆட்டாம பிடிங்க."

கீழே போய் முழுப் பலத்தையும் கொடுத்துத் திருகினேன். கரக் என்று ஒரு சத்தம். இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டால், இளகவில்லை, வழுக்கியிருக்கிறது. மறுபடி வைத்துத் திருகினேன். மறுபடி கரக். மூன்றாவது தடவை இவர் "போதும், நிறுத்து" என்றார். என் வண்டியில் என்னை நிறுத்தச் சொல்ல இவர் யார்? "எழுந்து வா, கையப் பாரு" என்றார்.

வலது கையில் நடு விரல் கணுவிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ரத்தம். எண்ணெய் என்று நினைத்திருந்தேன். தோல் இரண்டு இடத்தில் நன்றாகவே கிழிந்திருந்தது. வேலை மும்முரத்தில் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

இவர் மஞ்சள் மருந்து போட்டுக் கட்டினார். கட்டும்போது விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "என்ன, ஓவியம் வரையப் போறீங்களா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். ராமாத்தாளின் மயிலை மாடு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதம். பென்சில் படம். ரப்பர் குழாய், ஒயர் கட்டு, தாங்கி, அதற்குப் பின்னால் ஆறு மூலையுள்ள ஒரு போல்ட் தலை.

"இது என்னங்க?"

"உன் போல்ட்டுதான். கைய உட்டுப் பாத்தேன். வெரல்ல தெரிஞ்சத வரைஞ்சு வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. என்னைக் கேட்காமல் என் வண்டியில் கை வைத்திருக்கிறார்! அதுவும், ஒரு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியாதவர். ஏதாவது ஒயரைப் பிடித்து இழுத்திருந்தால் என்ன ஆவது என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே, பென்சில் முனையால் படத்தில் ஓரிடத்தைக் காட்டினார்.

"இந்த ரெண்டு மூலையும் மழுங்கிப்போச்சு. மத்த நாலும் நல்லா இருக்குது. போல்ட்டு நேரா இல்ல பாரு, செவுத்துப் பக்கமாச் சாய்ஞ்சிருக்குது. நீ சாக்கெட்ட நேரா வெச்சதுல பாதி போல்ட்டு மேலயும் பாதி இந்தத் தாங்கி மேலயும் உக்காந்திருக்கும்."

அப்படி இருக்க முடியாது. பாதி தாங்கி மேல் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதா?

இதைக் கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வார் என்று நின்றேன். அவர் பென்சிலைச் சீவப் போய்விட்டார்.

ஜூன் 11, புதன்

காலை டீ. மறுபடியும் அரை டம்ளர். "நிறைய ஊத்துனா கொறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டேன்.

"நெறைய ஊத்துனா சிந்துது."

"யாரு சிந்தறது?"

அவர் எதிரே உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார். தை மாதம் பொங்கலன்றைக்கு நான் டம்ளரை நழுவவிட்டேனாம், சுடு டீ பட்டும் எனக்குத் தெரியவில்லையாம். ஊறுகாய் ஜாடி மூடியைத் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் இவரே தளர்த்தி வைக்கிறாராம். விடிகாலையில் நான் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாராம். அதற்கும் முன்னாலேயே, தீபாவளி முடிந்த கையோடு, என் கையெழுத்து மாறிவிட்டதாம்.

"உன் வெரல்ல உணர்ச்சி இல்ல வசந்தா. உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

ஏழு மாதமாகத் தெரியுமாம்! ஏழு மாதமாக மனசுக்குள் வைத்துக்கொண்டு, மூடியைத் தளர்த்தி, டீயைக் குறைத்து, என்னை ஒரு குழந்தை மாதிரி நடத்தியிருக்கிறார். "சொல்லியிருக்கலாமில்ல?" என்று கத்தினேன்.

"சொன்னா கேப்பியா?"

"கேட்டிருப்பேன்."

பஸ்ஸைத் தவறவிட்டேன்.

டிஸ்பென்சரியில் இன்று நாலு மாடு சினை பார்க்க வந்தன. நாலையும் அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். கையில் காயம் என்று சொன்னேன். காயம் இருக்கிறதுதானே.

ஜூன் 14, சனி

இரண்டு நாளாக இவரோடு பேசவில்லை. இன்று காலை பழைய சட்டை ஒன்றை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன். அவராகவே போட்டுக்கொண்டு வந்தார்.

நேற்றே கடையில் ஆறு பட்டை சாக்கெட் ஒன்று வாங்கியிருந்தேன். என்னிடம் இருந்தது பன்னிரண்டு பட்டை. மூலை மழுங்கின போல்ட்டை அது பிடிக்காது. நான் கீழே படுத்தேன். அவர் இன்ஜின் மேல் கவிழ்ந்து கையை உள்ளே விட்டார். மெலிந்த கை. முழங்கை வரைக்கும் சிரமமில்லாமல் போயிற்று.

"கம்பி வருது. கெடைச்சுதுங்களா?"

"ம். இரு. கொஞ்சம் பின்னால இழு. இப்பத் தள்ளு."

"இப்ப?"

"இல்ல. இன்னும் உக்காரல. சாய்ஞ்சிருக்குது."

எனக்கு நன்றாக உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. சத்தியமாக இருந்தது. திருகு, திருகு என்று கை துடித்தது. ராட்செட்டைப் பிடித்தபடி காத்திருந்தேன். மேலே இவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"சாக்கெட்டு விளிம்புக்கும் போல்ட்டு அடிக்கும் நடுவுல நகம் போகுது. ஒரு பக்கம் மட்டும்."

"அப்ப அந்தப் பக்கத்தை அமுக்குங்க. கையக் கழட்டாதீங்க. வெரல் நுனியால சுத்திப் பாருங்க. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருந்தாச் சொல்லுங்க."

மாட்டுக்குள் கையை விட்ட புது மாணவர்களுக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவசரப்படாதே, விரல் நுனியால் சுற்றிப் பார், தெரியாததைத் தெரிந்தது என்று சொல்லாதே. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்!

"இப்ப நகம் போகல" என்றார். "எங்கேயும் போகல."

"கைய எடுத்துக்கோங்க."

ராட்செட்டின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் இழுத்தேன். படீர் என்று ஒரு சத்தம். வழுக்கல் சத்தம் இல்லை, அது வேறு. போல்ட் இளகியது. பிறகு திருகத் திருக வந்துகொண்டே இருந்தது.

பழைய ஸ்டார்ட்டர் மார்பு மேல் இறங்கியது. புதுசை ஏற்றினோம். மேல் போல்ட்டுக்குப் புதுசு வாங்கி வைத்திருந்தேன். ஸ்பேனர் போடும் முன் முதல் நாலு சுற்றைக் கையால்தான் திருக வேண்டும், கோணலாக ஏறினால் மரை போய்விடும். அதையும் அவர்தான் செய்தார். மூன்று தடவை கோணலாக ஏறி, மூன்று தடவையும் அவராகவே எடுத்துவிட்டார். நானாக இருந்தால் முதல் தடவையே முறுக்கி நாசமாக்கியிருப்பேன். இதை எழுதுவதற்கு எனக்குப் பிடிக்கவில்லை.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. இவர் புருவம் வரைக்கும் கிரீஸோடு நின்று சிரித்தார்.

நான் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் வெளியே கேட்டிருக்காது.

ஜூன் 16, திங்கள்

ஈரோடு. நரம்பு டாக்டர் கையில் ஊசி மாதிரி எதையெதையோ வைத்து மின்சாரம் விட்டுப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவர்களுக்கு வருவதுதானாம்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"இப்பத்தாங்க, கொஞ்ச நாளா" என்றேன்.

"ஏழு மாசமாங்க" என்றார் இவர், பக்கத்து நாற்காலியிலிருந்து.

முன்பே வந்திருந்தால் முழுசாகத் திரும்பியிருக்கும், இப்போது எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருபத்து மூன்றாம் தேதி ஆபரேஷன். வெளியே வந்து இவரிடம் சண்டை போட வாயெடுத்தேன். எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ரிஜிஸ்டரை எடுத்தேன். நவம்பரிலிருந்து நான் 'சினை இல்லை' என்று எழுதிய மாடுகள் நாற்பத்தொன்று. என் உதவியாளர் குப்புசாமியைக் கூப்பிட்டு, அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டு, மாட்டை விற்காதீர்கள், பக்கத்து ஊர் டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து மறுபடி பார்ப்பார் என்று சொல்லச் சொன்னேன்.

"எதுக்குங்கம்மா? கேப்பாங்களே."

"டாக்டரம்மா கையில கோளாறு, பார்த்தது தப்பா இருக்கலாம்னு சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படியேவா சொல்லட்டுமுங்க?"

"அப்படியே சொல்லு."

சாயங்காலத்துக்குள் ஏழு பேர் விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். எட்டாவது ராமாத்தாள். அவருக்கு ஃபோன் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

நத்தக்காட்டுவலசுக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். இவர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

ராமாத்தாள் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. வரப்பிலேயே நின்று சொன்னேன். உங்கள் மாடு சினையாகத்தான் இருந்திருக்கிறது, எனக்குத்தான் கையில் தெரியவில்லை, அன்றைக்குத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை, ஆனால் இரண்டு வாரம் முன்னால் நீங்கள் வந்து கேட்டபோது எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தும் உங்களைத்தான் பேசினேன்.

அருவாள் நிற்கவில்லை. ஒரு பிடி, இன்னொரு பிடி.

"நாலு பேரு முன்னால என்னையப் பொய்க்காரியாக்கிப் போட்டீங்க" என்றார்.

"ஆமாங்க."

"அதே நாலு பேரு முன்னால சொல்லுவீங்களா?"

"ஊர் பூரா ஃபோன் போட்டுச் சொல்லிட்டிருக்கோமுங்க. நாளைக்கு டிஸ்பென்சரியில வந்து நில்லுங்க, நானே சொல்றேன்."

"நிக்கறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லீங்க." இன்னும் ஒரு பிடி அறுத்தார். பிறகு கேட்டார்: "என்ன கன்னுன்னு தெரியுமுங்களா?"

வாங்கினவர் யார் என்று சந்தை ஆள் மூலம் நேற்றே விசாரித்து வைத்திருந்தேன். "கிடாரிங்க" என்றேன்.

அருவாள் நின்றது. மயிலை மாட்டு வம்சத்தில் அவருக்கு மிஞ்சியிருந்தது விற்ற அந்த மாடு ஒன்றுதானாம். அவர் மாமியார் காலத்திலிருந்து தாயும் மகளுமாக வந்த மாடாம். மூன்று வருஷமாக ஒரு பெண் கன்றுக்காகத்தான் காத்திருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். என் படிப்பை, என் காரை, நான் கையுறையை உருவி வீசின விதத்தை. வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை அங்க கூட்டீட்டுப் போறீங்களா? பாக்கோணும்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

தாராபுரம் தாண்டிப் பதினாறு கிலோமீட்டர். ராமாத்தாள் முன் சீட்டில் உட்கார்ந்து, ஒரு சாக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி நெடுக, நான் ஏதாவது ஆரம்பித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வாங்கினவர் நல்ல மனுஷர். மாட்டைக் காட்டினார், விற்க மாட்டேன் என்பதையும் வாசலிலேயே சொல்லிவிட்டார். ராமாத்தாள், விலைக்குக் கேட்டு வரவில்லை என்றார். தொழுவத்தில் மயிலை தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. வைக்கோலைத் தின்றுகொண்டே இருந்தது. ராமாத்தாள் சற்றுத் தள்ளி நின்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் கொடுத்தார். உடனே காது இரண்டும் திரும்பின. அப்புறம் தலை. பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, அவர் தோளில் முகத்தை வைத்து அழுத்தியது. சாக்குப் பையில் இருந்த பருத்திக் கொட்டையைக் கையில் அள்ளி ஊட்டினார். கன்றுக்குட்டி அவர் சேலை முந்தானையைச் சப்ப ஆரம்பித்தது. அவர் அதை விலக்கவில்லை.

நான் தொழுவத்துக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எனக்கு என்ன உரிமை?

கிளம்பும்போது வாங்கினவர், இந்தக் கிடாரி வளர்ந்து ஈனும் முதல் பெண் கன்றை ராமாத்தாளுக்கே தருவதாகச் சொன்னார். நான்கு வருஷமாவது ஆகும். ராமாத்தாள் "பாக்கலாமுங்க" என்றார்.

அவர் வீட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். இறங்குவார் என்று பார்த்தால் இறங்கவில்லை.

"ஊருக்குள்ள சொன்னாங்க. நாளைக்குத்தான ஆப்பரேசன்?"

"ஆமாங்க."

"எந்தக் கையிங்க?"

வலது கையைக் காட்டினேன். அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காய்ப்பு ஏறிய விரல்கள். என் கட்டை விரல் நுனியை நகம் பதிய நசுக்கினார். கோபத்தோடுதான் நசுக்கினார்.

"தெரியுதுங்களா?"

"இல்லீங்க."

அடுத்த விரல். "இது?"

"இல்லீங்க."

நடு விரலில் பழைய காயத்துக்கு மேலேயே அழுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் தலையை ஆட்டினேன். மோதிர விரலில் ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. தெரிந்தது என்று சொல்ல வாய் வந்தது.

"சரியாத் தெரியலைங்க" என்றேன்.

சுண்டு விரலை நசுக்கினார். சுளீர் என்று வலித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"அது தெரியுதுங்க" என்றேன்.

"ம்" என்றார். கதவைத் திறந்து இறங்கினார்.